நற்சான்றுப் பத்திரத்தில் நான் எழுதாத வரி

சென்ற மார்கழி விடுமுறையில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், என் பழைய மாணவன் ஒருவன் கையிலே ஒரு கடித உறையுடன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கொழும்பிலுள்ள தனியார் நிறுவனம் ஒன்றில் வலையமைப்புப் பொறியியலாளர் என்ற பதவிப் பெயருடன் தொழில் செய்பவன் அவன். அவன் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கு நான் எழுதப்போவதில்லை. உழைத்து உண்பவனின் பெயர் இத்தகைய கட்டுரையொன்றில் அச்சேறுவது அவனுக்கு நன்மை பயக்காது என்பதை வாசகர் அறிவர்.

உறையினுள் இருந்தது அவனைப் பற்றிய வருடாந்த மதிப்பீட்டு அறிக்கை. ஐந்து புள்ளிகளுக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்பட்டிருந்தன. அதன் கீழே, எதிர்பார்க்கப்பட்ட அளவிலும் குறைவான உழைப்பு என ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். சம்பள உயர்வு இல்லை என்பது அதன் பொருள்.

"சேர், இதுக்கு ரெண்டு கிழமைக்குள்ளை மறுமொழி எழுதிக் குடுக்கவேணும். என்ன எழுதிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் தமிழிலை ஒழுங்குபடுத்தித் தந்தியள் எண்டால் நான் இங்கிலீசிலை மாத்திப்போடுவன்" என்றான்.

கடிதம் எழுதிக் கொடுப்பது தமிழாசிரியன் ஒருவனுக்குக் கடினமான காரியமன்று. ஊரிலே பலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை இது. ஆயினும் அன்றிரவு அந்த அறிக்கையை முன்னே வைத்துக்கொண்டு அமர்ந்தபோது என் மனம் அமைதியாக இருக்கவில்லை. இந்த மாணவனை எழுத்திலே மதிப்பிட்ட முதல் ஆள் அவனது முகாமையாளர் அல்லர், நான்தான். நான் எழுதிய மதிப்பீடும் இதே வகையிலே பிழையானது. அந்தப் பிழையை ஒப்புக்கொள்ளாமல் இந்த அறிக்கைக்கு மறுமொழி எழுதும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. இக்கட்டுரையும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே.

வலையமைப்புப் பொறியியலாளர் செய்யும் வேலை யாது என்பதை முதலில் சொல்லவேண்டும். வங்கிக்குக் காசு எடுக்கச் செல்கிறோம். "சிஸ்டம் வேலை செய்யுதில்லை, பிறகு வாங்கோ" என்கிறார்கள். வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை முடிவு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்திற்கு வந்து சேர மறுக்கிறது. இவ்வேளைகளில்தான் கணினிகளுக்கு இடையே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதே நமக்கு நினைவு வருகிறது. செய்தியைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் கம்பிகளும், ஓர் அறைக்குள் அவற்றைப் பங்கிடும் சுவிச்சுகளும், ஊர் விட்டு ஊருக்கு வழிகாட்டும் வழிப்படுத்திகளும் சேர்ந்ததே வலையமைப்பு. அதை நிறுவுவதும் காப்பதும் பழுது வந்தால் கண்டுபிடிப்பதும் அவர்கள் தொழில். பழுது தெரியும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் இன்னொன்று என்பதே இத்தொழிலின் இயல்பு. ஆகவே அடையாளத்திலிருந்து காரணத்திற்குப் படிப்படியாகச் செல்லும் தருக்க புத்தியே இத்தொழிலாளியின் முதலாவது கருவியாகும்.

அந்தப் புத்தியை நான் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். 2016 ஆம் ஆண்டு, வடமராட்சிக் கரையோரத்திலுள்ள எங்கள் பாடசாலையின் கணினி அறை ஒருநாள் காலை முற்றாகச் செயலிழந்தது. இருபது கணினிகளில் ஒன்றுக்கேனும் மற்றொன்றோடு தொடர்பில்லை. சுவிச்சிலுள்ள பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறி கொண்டவைபோல் துடித்துக்கொண்டிருந்தன. நகரிலிருந்து வந்து பார்த்த திருத்துநர் சுவிச்சு பழுதாகிவிட்டது, புதிது வாங்கவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். பாடசாலையிலே அதற்குப் பணம் இருக்கவில்லை. அன்று அந்த அறையில் மேற்பார்வைக்கு இருந்தவன் நான். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவிலே படித்துக்கொண்டிருந்த இந்த மாணவன் என்னிடம் வந்தான்.

"சேர், அரைவாசி வயரைக் கழட்டிப் பாப்பமே?"

எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. இருந்தும் சம்மதித்தேன். சுவிச்சில் செருகியிருந்த கம்பிகளுள் பாதியைக் கழற்றினான். விளக்குகளின் துடிப்பு அடங்கியது. எஞ்சிய கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. "சுவிச்சு நல்லாத்தான் இருக்கு, சேர்" என்றான். கழற்றியவற்றுள் பாதியை மீண்டும் செருகினான், ஒன்றும் நிகழவில்லை. எஞ்சியதில் பாதியைச் செருகினான். மறுபடியும் அதே வெறியாட்டம். இப்படி நாலைந்து முறை செய்ததும் ஒரேயொரு கம்பி அவன் கையிலே அகப்பட்டது. அதைக் கையால் தடவிக்கொண்டு மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து சென்று, சுற்றி வந்து, மீண்டும் அந்தச் சுவிச்சின் முன்னாலேயே எழுந்தான். கம்பியின் இரு முனைகளும் ஒரே சுவிச்சில் செருகப்பட்டிருந்தன. முந்தியநாள் அறையைத் துப்புரவு செய்த யாரோ, தொங்கிக்கொண்டிருந்த முனையைக் கண்டு, வெற்றிடத்தில் நல்லெண்ணத்தோடு செருகிவிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படும் செய்தி ஒரு முனையால் வெளியேறி மறு முனையால் உள்ளே வந்து, பெருகிப் பெருகிச் சுற்றிக்கொண்டிருக்க, வேறெந்தச் செய்திக்கும் வழியில்லாமற் போயிற்று.

"ஊருக்குள்ளை கதை சுத்தித் திரியிற மாதிரித்தான் சேர். சொன்னவனுக்கே திரும்பி வரும், அவன் புதுக்கதை எண்டு நினைச்சுத் திரும்பவும் சொல்லுவான்" என்று அவன் விளக்கினான்.

அந்த ஒரு மணித்தியாலத்திலே அவன் காட்டியது என்ன? வந்தவர் சொன்ன தீர்ப்பை அப்படியே ஏற்காத துணிவு. கருவியைக் குற்றஞ்சாட்டுமுன் சோதித்துப் பார்க்கும் நேர்மை. ஒவ்வொரு முறையும் ஐயத்தைப் பாதியாக்கும் முறைமை. கண்டதைப் பிறருக்கு விளங்கச் சொல்லும் மொழித்திறன். தமிழ்க் கட்டுரைக்கு அவனுக்கு நான் வழமையாக முப்பத்தைந்தும் நாற்பதும் போட்டுக்கொண்டிருந்தவன். அந்த உவமைக்கு எத்தனை புள்ளி போட்டிருக்கவேண்டும்?

இரண்டு ஆண்டுகளின் பின் அவன் பாடசாலையை விட்டு விலகியபோது வகுப்பாசிரியன் என்ற முறையில் அவனுக்குரிய நற்சான்றுப் பத்திரத்தை வரைந்தவன் நானே. ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதவேண்டியிருந்தது. புள்ளிப் பதிவேட்டைப் பார்த்து, "கல்வியில் நடுத்தரமானவர், ஒழுக்கமும் கீழ்ப்படிவும் உள்ளவர்" என்று எழுதினேன். அதை ஆங்கிலமாக்கி, அதிபரின் கையொப்பம் பெற்றுக் கொடுத்தார்கள். கணினி அறை நிகழ்ச்சி என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. இடம் உண்டாக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அதன் பிறகு அவன் தொழிற்பயிற்சிக் கல்லூரி ஒன்றிற் படித்து டிப்ளோமாச் சான்றிதழ் பெற்றான். இத்தொழிலுக்குள் நுழைய விரும்புவோரிடம் உலகெங்கும் கேட்கப்படுவது சி.சி.என்.ஏ. என்னும் சான்றிதழ். வலையமைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 1998 இல் ஆரம்பித்த பரீட்சை அது. அதற்கான கட்டணம் முந்நூறு அமெரிக்க டொலர். சித்தியடைந்தாலும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பின்னர் புதுப்பிக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் முந்நூற்றைம்பது ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்திருக்கமாட்டோம். அறுபதாயிரம் ரூபாவாக இருந்த பரீட்சைக் கட்டணம் ஓர் இலட்சத்தையும் கடந்தது. அவனுடைய தந்தையார் சொந்தப் படகு இல்லாமல் பிறர் படகிலே கடலுக்குப் போகின்றவர். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களிலே தொழிலும் பாதி நாட்கள் இல்லை. தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அவன் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தான்.

சான்றிதழ் பயனற்றது என்று நான் வாதிக்க வரவில்லை. முகவரிகளைப் பிரிக்கத் தெரியாதவனிடம் ஒரு வங்கியின் வலையமைப்பை ஒப்படைக்க முடியாது. அடிப்படை அறிவை அளக்க ஒரு பொதுப் பரீட்சை வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், நமது ரியூட்டரிகளில் வினாக்களை ஊகித்து விடையை மனனஞ் செய்விக்கும் வித்தை இருப்பதுபோல், இந்தப் பரீட்சைகளுக்கும் களவாக வெளியேறிய வினாவிடைத் தொகுதிகள் விற்பனையாகின்றன. பணமும் ஞாபகசக்தியும் உள்ளவன், ஒரு சுவிச்சையும் தொடாமலே சித்தியடைய வழியுண்டு. இதனால் பாதிக்கப்படுபவன் நேர்மையாகப் படித்தவன். இருவர் கையிலும் இருப்பது ஒரே கடதாசி.

2023 இல் அவன் கொழும்பிலே மூன்று நேர்முகப் பரீட்சைகளுக்குச் சென்றான். முதலிரண்டும் ஒரே மாதிரியானவை. உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்திலே தொடங்கினார்கள். அவன் தடுமாறினான். பின்னர் வலையமைப்பின் ஏழு அடுக்குகளின் பெயர்களை வரிசையாகக் கேட்டார்கள். ஒருவகை வழிப்படுத்தல் நெறிமுறைக்கு வழங்கப்படும் நம்பிக்கை எண் எத்தனை என்று கேட்டார்கள். நூற்றுப்பத்து என்பது விடை. அவன் சரியாகவே சொன்னான். ஆனால் அந்த எண் கையேட்டிலே உள்ளது. வேண்டியபோது ஒரு நிமிடத்தில் எடுத்துப் பார்க்கலாம். அந்த எண்ணை அறிந்தவன் பழுதைக் கண்டுபிடிப்பான் என்பதற்கு அதில் உத்தரவாதம் ஏதுமில்லை. இரண்டாவது இடத்திலே, மேசையில் இருந்த அதிகாரி அவனுடைய நற்சான்றுப் பத்திரத்தைப் புரட்டி, அதிலிருந்த ஒரு சொல்லை உரக்க வாசித்தாராம். "ஆவறேஜ்" என்ற சொல் அது. என் சொல். இதை அவன் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. நேர்முகப் பரீட்சை எப்படி நடந்தது என்று நான் கேட்டதற்கு விடையாகச் சொன்னான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். கருவிகளின் கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பழுதை அறிவிப்பதும் ஆங்கிலத்திலேயே. இத்தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்பவன் தன் மாணவனை ஏமாற்றுகிறான். ஆனால் கையேட்டை வாசித்து விளங்கும் ஆங்கிலம் ஒன்று. வரவேற்பறையிலே தயக்கமின்றி உரையாடும் ஆங்கிலம் வேறொன்று. முன்னது படிப்பினால் வருவது. பின்னது பெரும்பாலும் பிறந்த வீட்டினால் வருவது. 1945 இல் இலவசக் கல்வி வந்து பாடசாலைக் கதவைத் திறந்தது. மீனவக் குடிசையிலிருந்தும் தோட்டத்து லயத்திலிருந்தும் பிள்ளைகள் அக்கதவினால் உள்ளே வந்தார்கள். மறுபக்கத்தில் உத்தியோகத்துக்குப் போகும் கதவிலே இன்னொரு பூட்டு இருக்கிறது. அதன் திறப்பை நாம் பாடசாலையில் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

ஓர் ஆளை வேலைக்கு எடுப்பதற்குச் சரியான வழி என்ன என்று அக்காலத்தில் நான் தேடிப் படித்தேன். பிராங் ஷ்மிட், ஜோன் ஹண்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998 இல், எண்பத்தைந்து ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எத்தனை ஆண்டு படித்தான், எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவன் என்பவை, ஒருவன் எவ்வாறு வேலை செய்வான் என்பதை மிகக் குறைவாகவே முன்கூட்டிச் சொல்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். அந்த வேலையிலேயே ஒரு சிறு பகுதியைக் கொடுத்துச் செய்வித்துப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு முன்னரே வகுத்த அளவுகோலால் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சையும் அவற்றைவிடப் பன்மடங்கு நம்பத்தக்கவை. 2022 இல் வேறு அறிஞர்கள் இக்கணக்குகளைத் திருத்திப் பல எண்களைக் குறைத்தார்கள். அப்போதும் ஒழுங்காக வகுக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை முதலிடத்தில் நின்றது.

இத்தொழில் இந்த உண்மையை அறியாததும் அன்று. 1993 இல் தொடங்கிய சி.சி.ஐ.ஈ. என்னும் உயர்தரப் பரீட்சையின் செய்முறைப் பகுதி ஆரம்பத்தில் இரண்டு நாட்கள் நடந்தது. பரீட்சார்த்தி ஒரு வலையமைப்பைக் கட்டி எழுப்பவேண்டும். பின்னர் பரீட்சகர் வேண்டுமென்றே அதிலே பழுதுகளைப் புகுத்துவார். அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தவேண்டும். 2001 இல் அது ஒரு நாளாகச் சுருக்கப்பட்டது. பழுது காணும் பகுதி 2009 இல் மீண்டும் தனியாகச் சேர்க்கப்பட்டது. ஆளை அறிவதற்கு நல்ல வழி எது என்பது தெரிந்தே இருக்கிறது. அது உச்சியிலுள்ள சிலருக்கு மாத்திரம் கிடைக்கிறது. வாசலிலே நிற்கும் இளைஞனுக்குக் கிடைப்பதில்லை.

இவற்றையெல்லாம் ஒருநாள் அவனுடைய தந்தையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரையிலே கிழிந்த வலையொன்றைச் செப்பம் செய்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"மாஸ்ரர், எங்கட தொழிலிலை ஆளைத் தெரியிறதுக்குக் கேள்வி கேக்கிறேல்லை. ஒருக்காக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் தெரிஞ்சிடும். காத்து மாறேக்கை அவன்ரை கை எங்கை போகுதெண்டு பாத்தால் காணும்."

அமெரிக்கப் பேராசிரியர்கள் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னதைக் கரையிலே இருக்கும் மனிதர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற அதிகாரங்கள் அடுத்தடுத்து, ஐம்பத்தொன்றாவதாகவும் ஐம்பத்திரண்டாவதாகவும் நிற்கின்றன. ஆளை ஆராய்ந்து ஏற்பது ஒன்று. ஏற்றபின் அவனுக்குரிய வினையை அறிந்து அதில் அவனை ஈடுபடுத்துவது மற்றொன்று. நான் இவற்றை வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பித்து வந்திருக்கிறேன். மனனஞ் செய்து ஒப்புவித்தவர்களுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். என் மாணவன் ஒருவனை ஆராய்ந்து தெளிய அவற்றை ஒருமுறையேனும் பயன்படுத்தவில்லை.

மூன்றாவது இடத்திலேதான் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கிருந்த வயதான பொறியியலாளர் ஒருவர், சான்றிதழ்களை ஒருபுறம் வைத்துவிட்டு, பழுதாக்கப்பட்ட சிறு வலையமைப்பொன்றைக் காட்டி, "இரண்டு மணித்தியாலம் இருக்கிறது; நீ நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்; எந்த மொழியிலும் சொல்லலாம்" என்றாராம். அவர் சிங்களவர், இவனுக்குத் தெரிந்தது அரைகுறைச் சிங்களம். மூன்று பழுதுகளில் இரண்டைக் கண்டுபிடித்தான். மூன்றாவதை அணுகும்போது நேரம் முடிந்துவிட்டது. அதை எங்கே தேடிக்கொண்டிருந்தாய் என்று மாத்திரம் அவர் கேட்டார், சொன்னான், எடுத்துக்கொண்டார்கள்.

இருநூறு பேர் விண்ணப்பித்தால் இருநூறு பேருக்கும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடியுமா என்று முகாமையாளர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் முதற்கட்டத்திலே அரை மணித்தியாலச் சிறு பயிற்சி போதும். வலையமைப்பைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர், ஜி.என்.எஸ்.3 போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தகுதியற்றவனை எடுத்துவிட்டு ஓராண்டு வருந்துவதிலும் இது செலவு குறைந்தது.

கதை இத்துடன் நன்றாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த முதிய பொறியியலாளர் ஓய்வு பெற்றுச் சென்றார். தெரிந்து தெளிந்தவர் போனபின், தெரிந்து வினையாட ஆளில்லை. அவ்விடத்திற்குப் பதிவேடு ஒன்று வந்தது.

நிறுவனம் பராமரிக்கும் பத்தொன்பது கிளைகளின் வலையமைப்பு இவன் பொறுப்பில் இருந்தது. முதல் நாலு மாதமும் இவன் செய்தது, யாரும் செய்யச் சொல்லாத வேலை. இழகிய முனைகளை மாற்றினான். ஒவ்வொரு கம்பிக்கும் பெயர்த்துண்டு ஒட்டினான். கருவிகளின் அமைப்பு விபரங்களைப் பிரதி எடுத்துப் பாதுகாத்தான். அடிக்கடி அறுந்துபோகும் மூன்று கிளைகளுக்கு மாற்று இணைப்பு ஒன்றை வாதாடிப் பெற்றான். அதன் பிறகு முறைப்பாடுகள் குறைந்தன. ஆண்டிறுதியில் மதிப்பீடு நடந்தபோது, யார் எத்தனை முறைப்பாடுகளைத் தீர்த்து முடித்தார் என்று பட்டியல் போட்டார்கள். இவனுடைய எண்ணிக்கை அறுபத்தொன்று. பக்கத்துப் பிரதேசத்தைப் பார்த்தவருடையது நானூற்றுக்கு மேல். அங்கே சுவிச்சை அணைத்து மீண்டும் போடுவார்கள், முறைப்பாடு தீர்ந்ததாகப் பதிவார்கள், அடுத்த வாரம் அதே பழுது புதிய முறைப்பாடாக வரும், மீண்டும் தீர்ப்பார்கள். அந்த நண்பரை நான் குறை கூறவில்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவரையும் அதே தராசிலேதான் நிறுக்கிறார்கள். பிழை தராசில் இருக்கிறது.

சார்ள்ஸ் கூட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975 இல் நாணயக் கொள்கை பற்றி எழுதியபோது, ஒரு புள்ளிவிபரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கிய மறுகணமே அது நம்பத்தகாததாகிவிடும் என்ற கருத்தை வெளியிட்டார். நாம் அதற்கு இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. சித்தி வீதத்தால் பாடசாலைகளை மதிப்பிடத் தொடங்கியபின், எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளை மாத்திரம் கவனித்து, தேறமாட்டார்கள் என்று நாம் தீர்மானித்தவர்களைப் பின்வாங்கிலே விட்டுவிடும் வழக்கம் நாமறியாததா?

வலையமைப்புக்குப் பொருத்தமான அளவுகோல் இல்லாமலில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது வீதம் இயங்கும் வலையமைப்பு என்றால், ஓராண்டில் ஏறக்குறைய எட்டே முக்கால் மணித்தியாலம் மாத்திரமே நின்றுபோக அதற்கு அனுமதியுண்டு. இவனுடைய கிளைகள் எத்தனை மணித்தியாலம் நின்றுபோயின, ஒரே பழுது எத்தனை தடவை திரும்ப வந்தது, இவன் எழுதிவைத்த குறிப்பைக் கொண்டு புதியவர் ஒருவர் வேலை செய்ய முடிகிறதா என்றெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல வேலை செய்தவனிடத்தில் ஒன்றும் நிகழாது; நிகழாததை எண்ணுவதற்கு அந்தப் பதிவேட்டில் நிரல் இல்லை.

பழுது நேரும்போது ஒருவனைப் பிடித்துக் குற்றவாளியாக்குவதும் இதே பார்வையின் மறுபக்கம். 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி இரவு ஒன்பது மணி கடந்ததும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் நின்றுபோயின. என் கைபேசிதான் பழுதென்று நானும் அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் அந்நிலை நீடித்தது. பராமரிப்பு வேலையின்போது வலையமைப்பின் கொள்ளளவை அறிவதற்காக இடப்பட்ட கட்டளை ஒன்று, நிறுவனத்தின் தரவு நிலையங்களுக்கிடையேயான இணைப்புகளை எல்லாம் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே இருந்த சோதனைக் கருவியிலும் வழு இருந்தது என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கியது. கட்டளையிட்ட கையை மட்டும் தண்டித்திருந்தால் அந்த வழு அங்கேயே இருந்திருக்கும். எவரும் பிழைவிடக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு, பிழை பேரழிவாகாமல் அமைப்பைத் திருத்துவதே அறிவுடைமை. தன் பிழையை முதலில் ஒப்புக்கொள்பவனுக்குப் புள்ளி குறைக்கும் நிறுவனத்தில் பிழைகள் மறைக்கப்படும்.

அன்றிரவு இவற்றை வைத்துக் கடிதத்தை எழுதினேன். வாதத்தைக் குறைத்து விபரத்தைக் கூட்டினேன். பத்தொன்பது கிளைகளின் பெயர். பொறுப்பேற்குமுன் ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் நின்ற நேரம். பொறுப்பேற்றபின் நின்ற நேரம். பதிவுகள் அவனிடம் இருந்தன; தன் வேலையை எழுதி வைப்பவன் அவன். அவன் அதை ஆங்கிலமாக்கினான். நான் நினைத்ததைவிட நல்ல ஆங்கிலம். ஒரு மாதத்தின் பின் மறுமொழி வந்தது. இரண்டு புள்ளி மூன்றாக்கப்பட்டிருந்தது. சம்பள உயர்வு அடுத்த ஆண்டிலேயே பரிசீலிக்கப்படும் என்றார்கள். அளவுகோல் மாறவில்லை. "இனி நானும் சுவிச்சை நிப்பாட்டிப் போடவேண்டியதுதான் சேர்" என்று தொலைபேசியிலே சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல தொழிலாளி ஒருவன் கெட்டுப்போகத் தொடங்கும் இடம் அதுதான். அதைத் தனியொருவன் எழுதும் கடிதத்தால் தடுக்க முடியாது. எதை வைத்துத் தம்மை அளக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை அத்தொழிலைச் செய்வோருக்குச் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். அவனும் அந்த நானூறு முறைப்பாட்டு நண்பரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிடும் நாளிலேதான் தராசு அசையும். இதை அவனிடமும் சொன்னேன். "அவரோடை கதைச்சுப் பாக்கிறன்" என்றான்.

முதலாளிமாரின் தராசைப் பற்றி இவ்வளவு எழுதிய நான், என் தராசைப் பற்றியும் எழுதவேண்டும். இவ்வாண்டு தொடக்கத்திலே ஒரு கொப்பி வாங்கினேன். வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம். புள்ளிப் பதிவேட்டில் இடமில்லாதவற்றை அதில் எழுதுகிறேன்: யார் எதைத் திருத்தினார், யார் யாருக்கு எதை விளங்கப்படுத்தினார், யார் பிழையை ஒப்புக்கொண்டார் என்பன. சில பக்கங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. அந்த மாணவர்களிடம் ஒன்றுமில்லை என்பதல்ல அதன் பொருள். நான் இன்னும் பார்க்கவில்லை என்பதே. நற்சான்றுப் பத்திரம் எழுதும்போது அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

அவனுடைய பழைய பத்திரத்தின் பிரதி பாடசாலைக் கோவையிலே இருக்கிறது. அதிபரிடம் கேட்டு, அதனுடன் ஒரு தாளை இணைத்திருக்கிறேன். 2016 ஆம் ஆண்டு, கணினி அறையின் வலையமைப்பு செயலிழந்தபோது, பழுதின் காரணத்தை முறையாக ஆராய்ந்து கண்டுபிடித்துத் திருத்தினார் என்ற ஒரேயொரு வரி. மிகவும் பிந்தி எழுதிய வரி. அவனுக்கு இனி அது தேவைப்படாமலும் போகலாம். ஆனால் எங்கள் கோவையில் பிழையான பதிவொன்று திருத்தப்படாமல் இருக்கக்கூடாது.